லப்பக்கில் இரண்டு நாட்கள்: பண்ணை வீடுகளையும் பழைய காற்றாலைகளையும் பார்க்கப் போகிறவர்களுக்கு

டாலஸ் பக்கம் குடியிருக்கும் நாம், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் அழைத்துப் போகும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: சான் ஆண்டோனியோ ஆற்றங்கரை, ஹூஸ்டன் விண்வெளி மையம், பேர்லேண்ட் மீனாட்சி கோயில். என் அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கத்து விவசாயி. மாடும் கிணறும் காற்றும்தான் அவருக்குத் தெரிந்த உலகம். அவருக்கு ஏற்ற ஊர் மேற்கு டெக்சாஸில் இருக்கும் லப்பக் என்பதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். அங்கே தேசியப் பண்ணை மரபு மையமும் அமெரிக்கக் காற்றாலை அருங்காட்சியகமும் ஒன்றுக்கொன்று கால் மணி நேர கார் தூரத்தில் இருக்கின்றன.

முதல் முறை மார்ச் மாதம் போனோம். ஞாயிறு இரவு அறைக்குப் போய்ச் சேர்ந்து, திங்கள் காலை காற்றாலை அருங்காட்சியகத்துக்குப் போனால் வாயிற்கதவு பூட்டியிருந்தது. சாப்பிட்டு, சுற்றிவிட்டு, பண்ணை மையத்துக்கு மாலை நான்கு மணிக்குப் போனபோது வீடுகள் இருக்கும் வெளிப்பகுதியை மூடிக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு வயதுக்காரரை 345 மைல் உட்காரவைத்துக் கூட்டிவந்து வேலிக்கு வெளியே நிறுத்தியது என்னை வெகுநாள் உறுத்தியது. அக்டோபரில் மறுபடியும் போனோம். அந்த முறை ஒன்றும் தவறவில்லை. இரண்டு பயணங்களிலும் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

விமானம், கார், அறை எல்லாம் பிறகு. முதலில் நாட்காட்டியை எடுங்கள்.

காற்றாலை அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையை நம்பியும் திட்டம் போடாதீர்கள். செவ்வாய் முதல் சனி வரையிலான ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள். பண்ணை மையத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கட்டடம் மாலை ஐந்து வரை திறந்திருந்தாலும், பழைய வீடுகள் நிற்கும் திறந்தவெளிப் பூங்கா ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். நாம் பார்க்கப் போவது அந்தப் பூங்காவைத்தான். இணையத்தில் ‘ஐந்து மணி வரை’ என்று படித்துவிட்டு நான்கு மணிக்குப் போவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். புறப்படும் வாரத்தில் இரண்டு இடங்களுக்கும் தொலைபேசியில் பேசி, நேரத்தையும் கட்டணத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது அமெரிக்கக் கால்பந்து. பண்ணை மையம் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம் அதே நான்காம் தெருவில், அருகிலேயே இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் அந்தப் பகுதி முழுவதும் கார்கள். அறை வாடகை எங்கோ போய்விடும். பல விடுதிகள் இரண்டு இரவுக்குக் குறைந்து கொடுப்பதில்லை. மே, டிசம்பர் மாதப் பட்டமளிப்பு வாரங்களும் இப்படித்தான். பல்கலைக்கழகத்தின் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு, அந்தச் சனிக்கிழமைகளை அடித்துவிடுங்கள்.

பருவத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அக்டோபர் பாதி முதல் நவம்பர் தொடக்கம் வரை மிக நல்லது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று பலமாக வீசும். வானம் செம்மண் நிறமாகிப் பத்தடிக்கு அப்பால் தெரியாத நாட்களும் வரும். ஆஸ்துமா உள்ளவர்களை அப்போது அழைத்துப் போக வேண்டாம். மே மாதம் ஆலங்கட்டி மழைக் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் நம் ஊர்ச் சித்திரைக்குச் சமம், ஆனால் வியர்க்காது. அதனால் உடல் வறண்டுபோவது தெரியாது. பெரியவர்களுக்கு அதுதான் ஆபத்து.

என் பரிந்துரை: வியாழன் மாலை லப்பக் போய்ச் சேருங்கள். வெள்ளி பண்ணை மையம், சனி காற்றாலை. விடுப்பு கிடைக்காவிட்டால் வெள்ளி இரவு போய், சனி காலை காற்றாலையும் மதியம் பண்ணை மையமுமாகப் பார்க்கலாம். ஆனால் பெரியவர்களுடன் போகும்போது ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். இரண்டுமே நடந்து பார்க்கும் இடங்கள்.

2. ஆவணங்கள்: ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியை, இந்தியாவிலிருந்து கிளம்பப்போகும் உறவினருக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.

உங்களோடு சேர்ந்து கார் ஓட்டப்போகிறவர் இந்தியாவிலிருந்து வருகிறார் என்றால், அவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அங்கேயே எடுத்துவர வேண்டும். இங்கே வந்த பிறகு வாங்க முடியாது. அமெரிக்காவில் கொடுக்கப்படும் சர்வதேச அனுமதி, அமெரிக்க உரிமம் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் ஓட்டுவதற்கானது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1000 ரூபாய். ஓராண்டு செல்லும். உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல்கள் தேவைப்படும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் ஐம்பது, நூறு டாலருக்கு ‘சர்வதேச உரிமம்’ என்று பளபளப்பான அட்டை விற்பவர்கள் நிறைய. அது செல்லாது. என் தம்பி அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மன்னிக்கவும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போகவும் வரவும் எழுநூறு மைலையும் நான் ஒருத்தியே ஓட்ட வேண்டியதாயிற்று.

அனுமதிப் புத்தகத்தோடு அசல் இந்திய உரிமமும் கையில் இருக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. சுற்றுலா விசாவில் வந்தவருக்குத்தான் இது. டெக்சாஸில் குடியேறியவராக இருந்தால், வந்து 90 நாட்களுக்குள் டெக்சாஸ் உரிமம் வாங்கியாக வேண்டும். கட்டணம் 33 டாலர். அதற்கான சந்திப்பு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். இறங்கிய வாரமே பதிவு செய்துவிடுங்கள்.

பெற்றோருக்குப் பயண மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் வரும் சிக்கலுக்கும் அது பணம் தருமா என்பதைத் தனியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

3. ஆவணங்கள்: புறப்படும் அன்று பையில் இருக்க வேண்டியவை

உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விசாவில் இருக்கும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பாஸ்போர்ட், அதிலுள்ள விசா, நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94இன் அச்சுப்பிரதி ஆகிய மூன்றும் வேண்டும். மாணவர்களுக்கு ஐ-20 படிவம், வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஐ-797 ஒப்புதல் படிவமும் வேண்டும்.

ஐ-94ஐ எல்லைப் பாதுகாப்புத் துறையின் அரசு இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். அதே தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். கடன் அட்டை எண்ணைக் கேட்ட உடனே வெளியே வந்துவிடுங்கள்.

விமானத்தில் போனால் பெற்றோருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டே அடையாள அட்டை, வேறெதுவும் தேவையில்லை. மருந்துகளை டாக்டர் சீட்டோடு, அசல் அட்டையிலேயே கைப்பையில் வையுங்கள்.

4. காரா, விமானமா?

டாலஸிலிருந்து லப்பக் விமானத்தில் ஒரு மணி நேரம். விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்குப் பதினைந்து நிமிடம். ஒருவரோ இருவரோ போனால், மூன்று வாரம் முன்பே டிக்கெட் எடுத்தால், விமானமே மேல். நான்கு பேர் என்றால் கார்.

ஆனால் எனக்குக் காரின் மீது சாய்வு உண்டு. காரணம் வழிதான். ஐ-20 நெடுஞ்சாலையில் மேற்கே போய், ஸ்வீட்வாட்டரைத் தாண்டி யு.எஸ்.84 சாலையில் திரும்பினால் ராஸ்கோ. அங்கே 627 காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தத் திறன் 781.5 மெகாவாட். பல்லடம், உடுமலைச் சாலையில் பருத்திக் காட்டுக்கு நடுவே காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தே வாழ்ந்த அப்பா, கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டார். அங்கேயும் பருத்திக் காடுதான். பருத்தி, காற்றாலை, தூசி, தட்டை நிலம். மறுநாள் அருங்காட்சியகத்தில் பழைய மரச்சக்கரங்களைப் பார்க்கும்போது இந்த வழி நினைவில் இருக்க வேண்டும். விமானத்தில் போனால் அது கிடைக்காது.

பிறகு ஸ்னைடர், போஸ்ட். போஸ்டைத் தாண்டியதும் சாலை மேட்டில் ஏறும். ஏறி முடித்தால் சமவெளி, மேசைபோல. ஓய்வுக்கு நிறுத்துவது உட்பட ஆறரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட்வாட்டரில் பெட்ரோல் நிரப்புங்கள். அதற்குப் பிறகு ஊர்கள் தள்ளித் தள்ளித்தான் வரும். வேக வரம்பு மணிக்கு 75 மைல் இருந்தாலும், சிற்றூர்களுக்குள் சட்டென்று குறையும். பலகையைக் கவனியுங்கள், அபராதம் அங்கேதான் விழும். இருட்டிய பிறகு மான்கள் குறுக்கே வரும். டாலஸை விட்டுக் காலை எட்டுக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே போய்விடலாம்.

5. வாடகைக் கார் கவுண்டரில்

சொந்தக் கார் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கடன் அட்டை, ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும். டெபிட் அட்டைக்குக் கூடுதல் வைப்புத்தொகை கேட்பார்கள்; சில இடங்களில் ஏற்கவே மாட்டார்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். மாணவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் பதிவு செய்துவிட்டுக் கவுண்டரில் திகைக்கிறார்கள். இரண்டாவது ஓட்டுநரை ஒப்பந்தத்தில் எழுதாமல் ஓட்டவிட்டால், விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடும்.

டாலஸைச் சுற்றியுள்ள சுங்கச்சாலைகளில் பணம் வாங்கும் ஆள் கிடையாது. படம் எடுத்துப் பில் அனுப்புவார்கள். வாடகைக் காரில் அந்தப் பில் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தினக் கட்டணம் ஒன்றையும் சேர்த்து உங்கள் அட்டையில் எடுத்துக்கொள்வார்கள். வரைபடச் செயலியில் சுங்கச்சாலையைத் தவிர்க்கும் வசதியைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். மே மாதத்தில் போகிறீர்கள் என்றால், ஆலங்கட்டியால் வரும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். காரை எடுக்கும்போதே நான்கு பக்கமும் மேற்கூரையும் படம் எடுத்து வையுங்கள்.

6. அறையும் சாப்பாடும்

பல்கலைக்கழகத்துக்கு அருகில் தங்குங்கள். விலை பார்க்கும்போது வரிக்கு முன்னா பின்னா என்று பாருங்கள். மாநில வரி மட்டும் 6 சதவிகிதம். உள்ளூர் வரி அதற்கு மேல்.

இது மாட்டுப் பண்ணை நாடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அரைத்துத் தாளித்த பயறு என்று நம்பி வாங்கும் மெக்சிகோ பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. “இறைச்சி இல்லையா?” என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். “கொழுப்பு, இறைச்சிச் சாறு எதுவும் சேர்த்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். லப்பக்கில் இந்திய மாணவர்கள் பலர் படிப்பதால் இந்திய உணவகங்களும் உண்டு. ஆனாலும் நாங்கள் முதல் நாளுக்குப் புளியோதரையும் இரண்டாம் நாள் காலைக்குச் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போனோம். அறையில் குளிர்பெட்டியும் மைக்ரோவேவும் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள்.

7. முதல் நாள்: பண்ணை மரபு மையம்

நுழைவு இலவசம். வண்டி நிறுத்தவும் பணம் இல்லை. காலை பத்து மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள். உள்ளே இருக்கும் கூடங்களை மதியத்துக்கு ஒதுக்கிவிட்டு, வெயில் ஏறும் முன் வெளியே நடந்துவிடுங்கள்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். 1780களிலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை. பெரும்பாலானவை மாதிரிக்காகக் கட்டியவை அல்ல. டெக்சாஸின் பண்ணைகளில் மனிதர்கள் வாழ்ந்த வீடுகளைக் கல் கல்லாக, கட்டை கட்டையாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி கூட்டியிருக்கிறார்கள். பாதை காலவரிசையில் போகும். எல்லாவற்றையும் சமமாகப் பார்க்க நினைத்தால் பாதியிலேயே கால் ஓய்ந்துவிடும். நான் நிற்கச் சொல்லும் இடங்கள் இவை.

லாஸ் கோரலித்தோஸ் முதலில் வரும். தெற்கு டெக்சாஸ் கல்வீடு. ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னலே கிடையாது. சுவரில் துப்பாக்கிக் குழாய் நுழையும் அளவுக்குத் துளைகள். உள்ளே எட்டிப் பார்த்தால் வெளியே இருக்கும் வெயிலுக்கும் அந்த இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் முகத்தில் படும்.

ஹெட்விக்ஸ் ஹில் வீடு, இரண்டு மர அறைகளும் அவற்றுக்கு நடுவே கூரையோடு கூடிய திறந்த வழியும் கொண்டது. நம் இடைகழிதான். காற்று அந்த வழியாக இழுத்துக்கொண்டு போகும். அப்பா அங்கே உட்கார்ந்தவர் இருபது நிமிடம் எழவில்லை. பெரியவர்களுக்கு இதுபோன்ற நிழல் இடங்களைக் கணக்கிட்டு நடையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மட்டடோர் பண்ணையின் பாதிக்குழி வீட்டைத் தவறவிடாதீர்கள். மரமே இல்லாத சமவெளியில் வீடு கட்ட என்ன செய்வது? மேட்டைத் தோண்டிப் பாதி உடலை மண்ணுக்குள் வைத்து, மீதிக்கு மட்டும் கட்டை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த கண்ணோடு, சில நிமிடம் தள்ளி நிற்கும் 1909ஆம் ஆண்டின் பார்ட்டன் மாளிகைக்குப் போங்கள்.

லாஸ் எஸ்கார்படாஸ், முப்பது லட்சம் ஏக்கர் கொண்ட எக்ஸ்.ஐ.டி. பண்ணையின் ஒரு பிரிவுக்குத் தலைமையகமாக இருந்த கல்வீடு. ‘ஃபோர் சிக்ஸஸ்’ என்று அழைக்கப்படும் 6666 பண்ணையின் 1908ஆம் ஆண்டுக் களஞ்சியமும் இங்கே இருக்கிறது. பாதையின் முடிவில் ரயில் நிலையம், நீராவி எஞ்சின், மாடு ஏற்றும் பெட்டிகள். குழந்தைகள் முதலிலேயே அங்கே ஓடிவிட்டால் மற்றதைப் பார்க்க முடியாது. எஞ்சின் கடைசியில் வரும் என்று சொல்லியே அழைத்துப் போங்கள்.

பல வீடுகளில் வாசல்வரைதான் அனுமதி. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பில் நெருப்பும், அந்தக் கால உடையில் ஆட்களுமாகப் பார்க்க வேண்டுமென்றால், டிசம்பரில் விளக்கொளியில் நடத்தும் மாலை நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். கூட்டமும் குளிரும் அதிகம். நடக்க முடியாதவர்களை அதற்கு அழைத்துப் போக வேண்டாம்.

தண்ணீர், தொப்பி இரண்டும் கட்டாயம். தொப்பிக்குத் தாடைக் கயிறு இருக்கட்டும். அங்கே காற்று கேட்டுக்கொண்டு எடுக்காது. பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள். மேற்கு டெக்சாஸில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. சக்கர நாற்காலி தேவையென்றால் முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். உங்கள் கைப்பேசியில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். திருமண ஜோடிகளையோ தொழில்முறைப் படக்காரரையோ அழைத்து வந்தால் முன் அனுமதி வேண்டும்.

நேரம்: வெளியே மூன்று மணி நேரம், உள்ளே ஒரு மணி நேரம். தெம்பு மிச்சமிருந்தால் பக்கத்திலேயே பல்கலைக்கழக அருங்காட்சியகம், அதுவும் இலவசம்.

8. இரண்டாம் நாள்: காற்றாலைகள்

இங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. சில டாலர்கள்தான். முதியோருக்கும் ராணுவத்தில் இருந்தவர்களுக்கும் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள்.

டெக்சாஸ் டெக்கில் ஆசிரியராக இருந்த பில்லி வுல்ஃப் என்ற பெண்மணி, அழிந்துகொண்டிருந்த பழைய காற்றாலைகளை 1960களிலிருந்து தேடித் திரிந்ததன் பயன்தான் இந்த இடம். கூடத்துக்குள் நுழைந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போகும். தரையிலும் கோபுரங்களிலும் சக்கரங்கள் நெருக்கமாக நிற்கும். வரிசையாகப் பலகையைப் படித்துக்கொண்டே போனால் பத்தாவது பலகையில் சலிப்பு வந்துவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: புயல் காற்று வந்தால் இது தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்ளும்?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் கூடம் முழுவதும் திறந்துகொள்ளும். ஹாலடே வகைச் சக்கரம் பல துண்டுகளால் ஆனது. காற்று மிஞ்சினால் துண்டுகள் குடைபோல மடங்கி, காற்றை நடுவே போகவிட்டுவிடும். எக்லிப்ஸ் மடங்காது. அதன் சக்கரம் ஒரே துண்டு. பக்கவாட்டில் ஒரு சிறு துடுப்பு இருக்கும். காற்று அதைத் தள்ள, முழுச் சக்கரமும் காற்றுக்கு ஓரம் காட்டித் திரும்பிக்கொள்ளும். வால் இல்லாத காற்றாலைகளில் சக்கரத்தின் பாரத்தைச் சமன்செய்ய வார்ப்பிரும்பு எடைகளைத் தொங்கவிட்டார்கள். குதிரை, சேவல், பிறை என்று அவற்றை வடித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இந்த உருவங்களை எண்ணும் வேலையைக் கொடுங்கள்; பெரியவர்களுக்கு நிம்மதியாக அரை மணி நேரம் கிடைக்கும்.

எஃகு ஏர்மோட்டார் முன் கூடுதல் நேரம் நில்லுங்கள். மேற்கு டெக்சாஸில் இன்றும் வயல்வெளியில் நீங்கள் காண்பது பெரும்பாலும் இந்த வகைதான். சக்கரம் பல சுற்றுச் சுற்றினால்தான் கீழே கம்பி ஒருமுறை ஏறி இறங்கும்; பற்சக்கரம் அப்படி அமைந்திருக்கிறது. அதனால்தான் மெல்லிய காற்றிலும் ஆழத்துத் தண்ணீர் மேலே வருகிறது. எண்ணெய்த் தொட்டி உள்ளேயே அமைந்த பிறகுதான் வாரந்தோறும் ஒருவர் கோபுரத்தில் ஏறி எண்ணெய் விடும் வேலை நின்றது.

வெளியே சுழன்றுகொண்டிருந்த ஒன்றின் கீழே அப்பா நின்றார். கம்பி ஏறும்போது ஓசையில்லை. இறங்கும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கையைக் காதோரம் வைத்துக் கேட்டவர், “நம்ம ஊர் அடிபம்பு சத்தம். உள்ளே தோல் வாஷர் இருக்கும், கேட்டுப் பார்” என்றார். அங்கிருந்த முதிய தன்னார்வலரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு கிண்ண வடிவம் காட்டினார். தோல்தான். தேய்ந்தால் குழாயையே மேலே உருவி மாற்ற வேண்டுமாம். மொழி தெரியாத இரண்டு பேர் கையாலேயே பம்பைப் பிரித்து மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் பேசினார்கள். தன்னார்வலர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பலர் பண்ணையில் வளர்ந்தவர்கள். கேட்காமல் வந்து சொல்ல மாட்டார்கள், கேட்டால் விடமாட்டார்கள்.

வெளியே பார்க்க இன்னும் இரண்டு. மாவரைக்கும் தூண் காற்றாலை: ஒற்றைத் தூணின் மேல் முழு மர வீடே காற்றின் திசைக்குத் திரும்பும். இன்னொன்று வெஸ்டாஸ் வி47. இறக்கை வட்டத்தின் விட்டம் 47 மீட்டர், 660 கிலோவாட். பழைய சக்கரங்களில் எத்தனை இறக்கைகள், இதில் ஏன் மூன்றே மூன்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழையதற்கு நின்ற நிலையிலிருந்து பாரத்தைத் தூக்கும் வலு வேண்டும். புதியதற்கு வேகம் வேண்டும்.

பொம்மை ரயில்களும் குட்டி வீடுகளும் இருக்கும் பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். பிள்ளைகள் அங்கிருந்து வரமாட்டார்கள். காற்றே இல்லாத நாளில் வெளியே இருப்பவை அசையாமல் நிற்கும். வானிலையில் காற்றின் வேகம் மணிக்கு பத்து மைலுக்கு மேல் காட்டும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். லப்பக்கில் அது அரிதல்ல. ஆனால் நாற்பது மைல் என்று காட்டினால் உள்ளே இருந்துகொள்ளுங்கள்.

இரண்டரை மணி நேரம் போதும். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டுக்கு அருகிலுள்ள மெக்கன்சி பூங்கா. அங்கே புல்வெளி நாய்கள் எனப்படும் அணில் இனத்தின் குடியிருப்பு ஒன்றும் இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே பாருங்கள். தீனியோ கையோ நீட்ட வேண்டாம்.

9. செலவு

அக்டோபரில் எங்கள் நான்கு பேருக்கு, சொந்தக் காரில், இரண்டு இரவுக்கு ஆனது: பெட்ரோல் 80 டாலர், ஒரே அறையில் இரண்டு படுக்கை வரியோடு 250, காற்றாலை நுழைவு 40க்குள், வெளியே சாப்பிட்டது 90. மொத்தம் 460. முதல் முறை வாடகைக் கார், சுங்கக் கட்டணம், கூடுதல் ஓர் இரவு எல்லாம் சேர்ந்து இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆனது, இரண்டில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல்.

அறையை ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். சில டாலர் கூடும். தூசிப்புயல் எச்சரிக்கை வந்தால் அந்த டாலர்கள்தான் உங்களைக் காப்பாற்றும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் திரும்பக் கிளம்பினால் ஸ்வீட்வாட்டரை வெளிச்சத்திலேயே தாண்டிவிடலாம். அதற்கு மேல் தாமதமானால் அன்றிரவும் லப்பக்கிலேயே தங்கிவிட்டு, ஞாயிறு காலை புறப்படுங்கள்.